பனகல் பார்க்கில் இல்லாத பூச்சி

எங்கள் கல்லூரியில் விலங்கியல் படித்த பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மூன்றாம் ஆண்டு பிராக்டிகல் பரீட்சைக்கு ஒவ்வொருத்தியும் நாற்பது பூச்சிகளைப் பிடித்து, காயவைத்து, ஊசியில் குத்தி, கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சிக்குக் கீழேயும் நகத்தளவு ஒரு சீட்டு. எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது, யார் பிடித்தது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் அந்தப் பெட்டியை யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? அடுத்த வருஷத்துப் பெண்ணுக்குக் கைமாற்றி விடுவார்கள். வாங்கியவள் பழைய சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் பெயரில் புதிதாக எழுதிக் குத்திக்கொள்வாள். வாத்தியார்களுக்கும் இது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். யாரும் வாய் திறந்ததில்லை.

நானும் அப்படித்தான் செய்தேன். எழுபதுகளின் ஆரம்பம் அது. எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்காததால் விலங்கியலில் வந்து விழுந்தவள் நான். பூச்சி என்றால் எனக்கு ஆகவே ஆகாது. எனக்கு இரண்டு வருஷம் முன்னால் படித்து முடித்த மயிலாப்பூர் அக்கா ஒருத்தி, யாருக்கும் கைமாற்றாமல் வைத்திருந்த தன் பெட்டியைத் தருகிறேன் என்று சொன்னதும் ஓடிப்போய் வாங்கி வந்தேன். ஒரே சாயங்காலம் உட்கார்ந்து நாற்பது சீட்டும் எழுதிவிட்டேன். தட்டானைக் கடையின் பின்பக்கத்தில் பிடித்தேன், வண்டை மொட்டைமாடியில் பிடித்தேன், இப்படியே. ஒரு பூச்சி மட்டும் என்ன ஏது என்று தெரியவில்லை. இரண்டு விரற்கடை நீளம். மேலிறகு பாசி படிந்த சுவர் மாதிரி சாம்பலும் பச்சையுமாக இருந்தது. அதற்கடியில் எட்டிப் பார்த்த இறகில் நீலம். தலையில் சிவப்பாக ஒரு சின்னக் கொம்பு, மேல்நோக்கி வளைந்து நின்றது. இவ்வளவு ஆடம்பரமான பூச்சியைக் கடைப் பின்பக்கத்தில் பிடித்தேன் என்றால் யார் நம்புவார்கள் என்று தோன்றியது. தினமும் நான் கடந்து போகிற ஒரே பசுமை பனகல் பார்க்தான். ‘பனகல் பார்க், தூங்குமூஞ்சி மரம்’ என்று எழுதினேன்.

அதன் வால் பக்கத்தில் கொஞ்சம் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருந்தது. மெட்ராஸ் ஈரத்துக்கு எல்லாப் பெட்டியிலும் பூஞ்சை பிடிப்பது வழக்கம். பாச்சை உருண்டை போட்டாலும் பிடிக்கும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து வாலைச் சுத்தமாகத் துடைத்து வைத்தேன். எங்கள் வீட்டில் பித்தளைக் குடத்தைக்கூட அத்தனை அக்கறையாக நான் துலக்கியதில்லை.

அந்த வருஷம் எங்கள் லேபுக்கு ஒரு புது டெமான்ஸ்ட்ரேட்டர் வந்திருந்தார். எங்களைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். தற்காலிக வேலை, மார்ச் மாதத்தோடு முடிந்துவிடும். தி.நகரிலேயே ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தார். மற்ற ஆசிரியைகள் எங்கள் பெட்டிகளைத் தூரத்தில் இருந்து எண்ணிவிட்டுப் போவார்கள். இவர் ஒவ்வொரு பெட்டியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நவம்பரில் என் பெட்டியைப் பார்த்தவர் நிமிரவே இல்லை.

“இதை எங்க பிடிச்ச?”

“பனகல் பார்க், மிஸ்.”

“நீயே பிடிச்சியா? எந்த மரத்துல?”

“தூங்குமூஞ்சி மரம், மிஸ்.” சீட்டில் எழுதியதைத்தானே சொல்ல முடியும்.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இதை விளக்குப் பூச்சி என்பார்கள் என்றார். தலையில் இருக்கும் கொம்பு இருட்டில் விளக்குப் போல எரியும் என்று பழைய காலத்தில் யாரோ எழுதிவைத்ததால் வந்த பெயராம். வண்டும் இல்லை, அந்துப்பூச்சியும் இல்லை, மரத்தில் ஊசி போன்ற வாயைக் குத்திச் சாறு உறிஞ்சும் இனம் என்றார். மேலே மரப்பட்டையின் நிறம், உள்ளே வண்ணம். காட்டுப் பூச்சி என்றுதான் புத்தகம் சொல்கிறது, அது தி.நகர் நடுவில் எப்படி வந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அலமாரியிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்து வந்து ஒவ்வொரு அடையாளமாக ஒப்பிட்டார். கொம்பு சரி, இறகின் புள்ளிகள் சரி, ஒரு இடத்தில் வந்து நின்றார்.

“வால்ல வெள்ளையா மெழுகுப் பஞ்சு இருக்கணும்னு போட்டிருக்கு. இதுல இல்லையே. பிடிக்கறப்ப இருந்துச்சா?”

துடைத்தேன் என்று சொன்னால் எப்போது துடைத்தாய், ஏன் துடைத்தாய் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

“இல்ல, மிஸ்,” என்றேன்.

அந்த ஒரு சொல்லால்தான் எல்லாம் கெட்டது. பஞ்சு இல்லாத, ஊருக்குள் வாழ்கிற விளக்குப் பூச்சி என்றால் இது புத்தகத்தில் வராத வேறு வகையாக இருக்கலாம் என்று அவர் நினைத்துவிட்டார். ஒரு மியூசியத்தின் பூச்சிப் பிரிவில் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தார். நீ எழுதி அச்சில் வந்தது ஏதாவது இருந்தால் அனுப்பு என்று அங்கிருந்து பதில் வந்திருந்தது. அவரிடம் எதுவும் இல்லை. இப்போது இருந்தது. இதையெல்லாம் அவரே என்னிடம் சொன்னார், ஏதோ நான் அவருக்கு உபகாரம் செய்த மாதிரி. “நல்லா கவனிச்சு லேபிள் எழுதியிருக்க. மரம் வரைக்கும் எழுதினது நீ ஒருத்திதான்,” என்று பாராட்டு வேறு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பால் வாங்கப் போனேன். பார்க்கின் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் மிஸ் நின்றுகொண்டிருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கழுத்தை அண்ணாந்து, அடிமரத்திலிருந்து கிளை வரைக்கும் அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பால் பாட்டிலோடு வேறு தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.

அதற்கடுத்த நாளும் நின்றார். தூறலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்துக்குச் சூடாக ஏதோ தைலம் தடவிக்கொண்டு லேபுக்கு வந்தார். காலையில் நடக்க வருகிற பெரியவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா, “ஏட்டி, என்ன முழிச்சுக்கிட்டு இருக்க? காய்ச்சலா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சொல்லித்தான் தீர வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சொன்னால் பெட்டி போகும், மார்க் போகும், மேலே படிக்க அனுப்புவாரா என்று ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஒரு சாக்கும் கிடைக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் கொஞ்சம் தைரியம் வந்து வேலி ஓரமாகவே நடந்தேன். பார்க் காவலாளி அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“இன்னாமா, தினிக்கும் வந்து மரத்தையே பாத்துக்கினு கீற? எதுனா தொலஞ்சிபூட்ச்சா?”

“ஒரு பூச்சி தேடறேன்.”

“பூச்சியா? இன்னா கலரு?”

மிஸ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவரே வரைந்து, வாட்டர் கலரில் தீட்டியிருந்தார். காவலாளி அதை வாங்கித் தள்ளிப்பிடித்துப் பார்த்தார்.

“சோக்கா கீது. நான் பாத்ததில்ல. இப்டியே குட்துட்டுப் போ, நானும் பாக்கறேன். கெடச்சா சொல்றேன்.”

மிஸ் அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டு அவருக்கு நன்றி சொன்னார். இனி அந்த மனிதரும் அண்ணாந்து நிற்கப் போகிறார். அன்றைக்குக் கல்லூரிக்கு நடந்தே போயிருப்பேன் போல, பஸ் ஏறியது நினைவில் இல்லை.

மத்தியானம் லேபில் எல்லாரும் போன பிறகு மிஸ் தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“மிஸ், அந்தப் பூச்சி பனகல் பார்க்ல பிடிச்சதில்ல. நான் பிடிக்கவே இல்ல. பெட்டியே என்னோடது இல்ல.”

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒன்பது நாள்,” என்றார்.

“வால்ல வெள்ளையா இருந்துச்சு, மிஸ். பூஞ்சைன்னு நெனச்சு நான்தான் தொடச்சேன்.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பையைத் திறந்து தட்டச்சு செய்த மூன்று தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். திங்கட்கிழமை துறைத்தலைவியிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வைத்திருந்த கட்டுரை. புது வகையாக இருக்கக்கூடும், இடம் பனகல் பார்க் என்று அதில் இருந்தது.

“இது போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? எவனாவது ஒருத்தன் நாலு வரியில பதில் எழுதுவான். ஸ்பெசிமனைத் துடைச்சுட்டுப் புதுசுன்னு சொன்னவன்னு என் பேர் நிக்கும். மியூசியத்துல வாசப்படிகூட ஏத்தமாட்டாங்க.”

நான் அழுதேன். அவர் சமாதானப்படுத்தவில்லை. அழுது முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“யார்கிட்ட வாங்கின?”

“மயிலாப்பூர்ல ஒரு அக்காகிட்ட.”

“அவ எங்க பிடிச்சாளாம்? மலையில பிடிச்சிருந்தா இதுல ஒண்ணும் இல்ல, புஸ்தகத்துல இருக்கறதுதான். மெட்ராஸ்லயே பிடிச்சிருந்தா இன்னும் எழுதலாம். நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. உன் பெட்டியைப் பத்தி அப்புறம் பேசறேன்.”

சனிக்கிழமை மயிலாப்பூர் போனோம். அந்த அக்கா குளத்துக்கு அருகே ஒரு மாடிப் போர்ஷனில் பெற்றோரோடு இருந்தாள். பி.எட். படித்துக்கொண்டே சாயங்காலம் சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளை அனுப்பிவிட்டு எங்களுக்குக் காபி கொண்டுவந்தாள். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நான் பிடிக்கல மிஸ். எனக்கும் பெட்டியாத்தான் வந்தது. நானும்தான் லேபிள் மாத்தினேன். எங்காத்துக் கொல்லை, மாமரம்னு எழுதிண்டேன். எங்காத்துல கொல்லையே கிடையாது.”

“வாலைத் தொடச்சீங்களா?”

“பூஞ்சைன்னு நெனச்சுண்டு தொடச்சேன். நெறைய இருந்தது. முழுக்கப் போகல.” என்னைப் பார்த்தாள். “மிச்சத்தை நீ தொடச்சியா?”

ஆமாம் என்றேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பூச்சியை மொட்டை அடித்திருக்கிறோம். மிஸ் சிரித்துவிட்டார். ஒன்பது நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன், எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

“உங்களுக்கு யார் குடுத்தது?”

“என் கிளாஸ்ல படிச்சவதான். ஃபைனல் இயர்ல அவளுக்கு அப்பா தவறிப்போயிட்டார். அவசரமாக் கல்யாணம் ஆச்சு. பரீட்சை சமயத்துல மசக்கை. பிராக்டிகலுக்கு வரவே இல்ல. பெட்டி வீணாப் போறதே, நீ வெச்சுக்கோன்னு எனக்குக் குடுத்துட்டா. அவ லேபிள் இத்துனூண்டு எழுத்துல, ரெண்டு பக்கமும் எழுதியிருப்பா. மழை, நிழல், எறும்பு, என்னென்னமோ. இதுல போய் யாராவது இவ்ளோ எழுதுவாளான்னு நாங்கள்லாம் கேலி பண்ணுவோம்.”

“அந்த லேபிள் எங்கே?” மிஸ் கேட்டார்.

“பிடுங்கினதோட குப்பையில போட்டுட்டேன்,” என்றாள் அக்கா. காபி ஆறிப்போயிருந்தது. கடைசியில் அவள் ஒரு தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் அப்பா கிண்டிக் காட்டில் காவலாளியாக இருந்தவர். அடையாறு பக்கம் காட்டுச் சுவரை ஒட்டியே குடியிருப்பு. அவருக்குப் பிறகு மருமகனுக்கு அந்த வேலை கிடைத்ததால் இன்னும் அங்கேதான் இருப்பாள் என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. அடையாறில் பஸ் இறங்கி, சேறு தெறிக்கத் தெறிக்கக் காட்டுச் சுவர் ஓரமாக நடந்தோம். நான் பெட்டியைக் கைக்குழந்தை போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனேன். எனக்கு அந்த இடமே புதிது. மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவள், மான் பார்க்க ஒருமுறை பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதோடு சரி. சுவருக்கு அந்தப் பக்கம் நிஜமான காடு இருந்தது. தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மரங்கள் இல்லை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தானாக வளர்ந்தவை. பஸ் சத்தம் பத்தடியில் நின்றுவிட்டது. காட்டுப் பூச்சி ஊருக்குள் எப்படி வந்தது என்று மிஸ் கேட்டதற்குப் பதில் என் கண் முன்னாலேயே இருந்தது. காட்டைச் சுற்றித்தான் ஊர் வந்திருந்தது.

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்தான் அவர் என்று பக்கத்து வீட்டில் கைகாட்டினார்கள். ஒரு வயது தாண்டிய ஆண் குழந்தை அவருடைய புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எங்கள் கல்லூரிப் பெயரைச் சொன்னதும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். மிஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். அந்த அக்கா நாற்பது பூச்சிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார், தெரிந்த மனிதர்களைப் பார்ப்பது போல. விளக்குப் பூச்சியிடம் வந்ததும் புருவம் சுருங்கியது.

“இன்னா மிஸ், இதோட வாலக் காணோம்?”

“துடைச்சுட்டாங்க.”

“எதுக்கு?”

“பூஞ்சைன்னு நெனச்சேன் அக்கா,” என்றேன்.

“பூஞ்சையா? அதாம்மா அதுக்கு அழகே.” பிறகு சீட்டைப் படித்தார். “பனகல் பார்க்கா?” என்றார். கோபம்கூட இல்லை. என் சீட்டை அவர் ஒரு முறைதான் படித்தார், எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியிருக்கவில்லை.

“நீங்க எழுதின லேபிள் போயிடுச்சு,” என்று மிஸ் சொன்னார். “இதை எங்க பிடிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“லேபிளு போனா இன்னா? மரம் எங்கயும் போல. தோ கீது, வாங்க.”

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். குடியிருப்புக்குப் பின்னால் சுவர் இடிந்த இடத்தில் ஒரு ஒதியமரம் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. வேலிக்கு நட்டால் தானே வளர்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத மரம். நடந்துகொண்டே அவர் சீட்டில் எழுதியிருந்ததை ஒப்பித்தார். மழை ஆரம்பிச்சு பத்து நாளுக்கு அப்பால் வரும். வெயில் படாத பக்கம்தான் உட்காரும். ஆறடிக்குக் கீழே உட்காராது, ஓணான் பிடித்துவிடும். பின்னாலிருந்து சொட்டுச் சொட்டாகத் தித்திப்புத் தண்ணீர் விடும், அதற்குக் கட்டெறும்பு காத்துக்கொண்டு நிற்கும். மிஸ் நோட்டில் எழுத முடியாமல் தடுமாறினார். மெதுவாகச் சொல்லுங்கள் என்று இரண்டு முறை கேட்டார்.

மரத்தடியில் நின்று மிஸ்ஸும் நானும் அண்ணாந்து பார்த்தோம். பட்டைதான் தெரிந்தது. மிஸ் லென்ஸை எடுத்தார், வைத்தார். ஒன்பது நாள் பார்க்கில் நின்ற அதே முகம். எனக்குப் பயமாகிவிட்டது. இந்த வருஷம் வராமல் போயிருந்தால்?

“எங்க பாக்கறீங்க? தோ, அந்தக் கணுவுக்கு மேல. பட்டை மாதிரி கீது பாருங்க. ஒண்ணு, ரெண்டு... ஏழு கீது.”

கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரு பட்டைத்துண்டு பக்கவாட்டில் நண்டு போல நகர்ந்தது. அது நகர்ந்ததும் மற்ற ஆறும் கண்ணுக்குத் தெரிந்தன. வரிசையாகத் தலையை மேலே வைத்து, சிவப்புக் கொம்பை மரத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் வெள்ளைப் பஞ்சு, நாங்கள் இரண்டு பேர் கஷ்டப்பட்டுத் துடைத்த அதே பஞ்சு, புத்தம் புதிதாக. அந்த அக்கா ஒரு குச்சியால் மரத்தை லேசாகத் தட்டினார். ஒன்று சட்டென்று எகிறியது. காற்றில் ஒரு கணம் நீலம் விரிந்து மூடியது. குழந்தை கையைத் தட்டியது. பூச்சி என்றால் ஆகாத நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பூச்சி மறுபடி பறக்காதா என்று ஏங்கினேன்.

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு புத்தகத்தில் இருந்ததைக் கேட்டார்.

“இதோட கொம்பு இருட்டுல எரியும்னு எழுதியிருக்காங்க. நீங்க எப்பவாவது பாத்தீங்களா?”

“நானும் காலேஜில அத்தப் படிச்சேன் மிஸ். நாலு நாளு ராத்திரி அப்பாகூட வந்து பாத்தேன். எரியல. லேபிளுக்குப் பின்னால ‘விளக்கு இல்லை’ன்னு எழுதி வெச்சிருந்தேன்.”

மிஸ் அங்கேயே, இடிந்த சுவர்மேல் காகிதத்தை வைத்து, புதிய சீட்டு எழுதினார். ஒதியமரம், கிண்டிக் காட்டின் ஓரம், நிழல் பக்கம். யார் பிடித்தது என்ற இடத்தில் வந்து நிறுத்தி, அவருடைய பெயரைக் கேட்டார்.

“என் பேரா? நான் டிகிரி முடிக்கலயே மிஸ். போடலாமா?”

“பிடிச்சது நீங்கதானே? கட்டுரையிலயும் உங்க பேர் வரணும். இனிஷியல் என்ன போடட்டும்?”

அவர் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “அப்பா இனிஷியலே போடுங்க. அவரு காத்த காடு இது,” என்றார்.

திரும்பும்போது பெட்டியை நான் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். நான் நல்லவளாகிவிட்டேன் என்று பெருமை பேச இதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறியதும் என் புத்தி, பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது, நாற்பது பூச்சிக்கு எங்கே போவாய் என்று என்னைத் திட்டத் தொடங்கியது. மிஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பழைய கட்டுரையை நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். “நாளைக்கே பார்க் காவலாளிகிட்ட சொல்லணும், பாவம்,” என்றார். அதை நான் சொல்கிறேன் என்றேன். மறுநாள் போய்ச் சொன்னேன். அந்த மனிதர் படத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். நல்லா கீது, நானே வெச்சுக்கறேன் என்றார்.

மூன்று மாதத்தில் முப்பத்தாறு பூச்சிகள்தான் பிடித்தேன். அம்மா, “பாத்திரக்கடைக்காரர் மக கரப்பான் பூச்சிக்குப் பின்னால ஓடுதா. இவளை எவன் கட்டுவான்?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டியில் பாதி எங்கள் சமையலறை, சீட்டிலும் அப்படியே எழுதினேன். மார்க் சுமார்தான் வந்தது. ஆனாலும் அப்பா எம்.எஸ்ஸி.க்குப் பணம் கட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடையாறு அக்கா அக்டோபரில் பிராக்டிகல் எழுதினார். தன் பெட்டியோடு, தன் கையால் மறுபடி எழுதிய சீட்டுகளோடு போனார். அவருடைய மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

கட்டுரை அடுத்த வருஷம் அச்சாகி வந்தது. ஒன்றரைப் பக்கம். இரண்டு பெயர்கள். அதற்குள் மிஸ், கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று வந்த கடிதத்தைக் காட்டியே அந்த மியூசியத்தில் இடம் வாங்கி ஊரைவிட்டுப் போயிருந்தார். எனக்கு இரண்டு பிரதிகள் அனுப்பி, ஒன்றை அடையாறில் சேர்க்கச் சொல்லி எழுதியிருந்தார். நான் அதை உறையில் போட்டு, நனையாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் அந்த அக்கா தன் பெயரைப் பார்த்து என்ன செய்வார் என்று கற்பனை செய்துகொண்டே போனேன். அழுவார் என்று நினைத்தேன். நானும் அழத் தயாராக இருந்தேன்.

அவர் அடுப்படியிலிருந்து வந்து, நின்றபடியே வாங்கிப் படித்தார். பெயர் இருந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான். தொடர்ந்து கீழே படித்துக்கொண்டே போனார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

“பென்சில் வெச்சிருக்கியா?”

கொடுத்தேன். தரையிலிருந்து நாலடி உயரம் என்று அச்சாகியிருந்த இடத்தில் அந்த நாலை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார்.

“மிஸ்ஸுக்கு லெட்டர் போடு. அவங்கள சரியா போடச் சொல்லு. இத்த நம்பி எவளாவது நாலடியில தேடிக்கினு நிக்கப் போறா.”